பாக்கியம் வீட்டுத் தண்ணீர்

நான் வேலையிலிருந்து நின்ற அன்று, மிஷனில் என் வேலையைத் தொடரப்போகிற நீங்கள் மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து பல கேள்விகள் கேட்டீர்கள். ஒன்றுக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். போகிற வீடுகளில் தண்ணீர் கொடுத்தால் மிஷனெரி குடிக்கலாமா, கூடாதென்றால் கூடப் போகிற நாங்கள் அதை எப்படிச் சொல்லி மறுப்பது என்பது உங்கள் கேள்வி.

போன வாரம் என் மகள் கிரேஸும் அதையே கேட்டாள். அவள் அடுத்த மாதம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகிறாள். அவளுக்கும் பதில் சொல்லாமல், பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பாலே இல்லை என்பது அவளுக்கும் தெரியும். இனியும் தள்ளிப்போட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நம் வேலை என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கடல் தாண்டி வருகிற இளம் மிஷனெரிப் பெண்களுக்குக் காலையில் தமிழ் சொல்லித் தருகிறோம். சாயங்காலம் அவர்களோடு வீடு வீடாகப் போய், இவர்கள் பேசுவதைத் தமிழிலும் வீட்டார் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்கிறோம். பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. யோசிக்க நேரம் இருக்காது. இரண்டு பக்கமும் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாரித் அறுபதுகளின் கடைசியில் நார்வேயிலிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா மாடு வைத்துப் பால் விற்கிறவர்கள். அடையாற்றில் மிஷன் வீட்டு மாடியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து ஜெபம் பண்ணுவாள், தன் துணியைத் தானே துவைப்பாள், பிறகு என்னோடு தமிழுக்கு உட்காருவாள். வெயில் தாழ்ந்ததும் வீடுகளுக்குக் கிளம்புவோம். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்து கிடக்கும். புடவை அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ட இடமெல்லாம் ஊக்கு குத்தியிருப்பாள். நடந்தால் ஊக்குக் கடை நடந்து வருவது போல இருக்கும் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வருவாள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அழுகிறவளை அழ விடுவதும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

ஒருமுறை தி. நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு அவளைப் புடவை வாங்கக் கூட்டிப்போனேன். கல்லாவில் இருந்த தெற்கத்தி அண்ணாச்சிக்கு அவளைப் பார்த்ததும் ஆயிரம் விசாரணை. என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் கேட்டார். அதை அவளிடம் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கடைசியில் அவர் புடவையை மடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "பெத்தவங்க எப்படிம்மா மனசு வந்து விட்டாங்க?" என்றார். என்ன கேட்கிறார் என்று மாரித் என்னைப் பார்த்தாள். சாயம் போகாத புடவை என்கிறார் என்று சொல்லிவிட்டேன். கிரேஸ் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்த அண்ணாச்சியின் குரல்தான் எனக்கு அடிக்கடி கேட்கிறது.

தண்ணீர் விஷயத்தில் மிஷன் விதி கண்டிப்பானது. வெளியே பச்சைத் தண்ணீர் கூடாது. டீ, காபி, இளநீர் பரவாயில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு புட்டியில் நிரப்பிக் கூடவே கொண்டுபோக வேண்டும். மாரித்தின் புட்டிக்கு அவள் அம்மா ஓர் உறை பின்னி அனுப்பியிருந்தாள். நீலக் கம்பளி நூல், நடுவில் வெள்ளைப் பட்டை. மெட்ராஸ் வெயிலில் கம்பளிச் சட்டை போட்ட புட்டியைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஊரில் இது சூடு ஆறாமல் இருக்கப் பின்னுவது, இங்கே சூடு ஏறாமல் இருக்கட்டும் என்று அம்மா பின்னியிருக்கிறாள் என்று மாரித் எல்லோருக்கும் விளக்குவாள்.

மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவோம். மாமி படித்தவர், நல்ல மனுஷி. மாரித்துக்குத் தமிழ் பேசிப் பழகவும், மாமிக்கு ஆங்கிலம் பேசிப் பழகவும் அது ஓர் ஏற்பாடு. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் பாக்கியம். அடையாற்றுப் பாலத்துக்கு அருகே ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்து வருவாள். ஒருநாள் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கொல்லையில் பாக்கியம் மாடத்திலிருந்து ஓர் அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டியதையும், மாமி ஒரு முழம் தள்ளி நின்று சொம்பிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றியதையும் மாரித் பார்த்துவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் அதைப் பற்றிக் கேட்டாள். நான் இருக்கிறபடி சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். போனோம். குடிசை வாசலில் பாக்கியம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பாக்கியம் மாரித்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, உங்க தொரசானி மாமி ஊட்ல மட்டுந்தான் குடிக்குமா? எங்கூட்டு தண்ணி குடிக்குமா?"

எனக்குப் பழகிப்போன பதில் தயாராக இருந்தது. வெளியில் தண்ணீர் குடிக்க வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"மாமியும் அதாம்மா சொல்லுது. ஒடம்புக்கு ஒத்துக்காதாம். அதான் எனக்கு தனி டம்ளரு."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று மாரித் என்னைக் கேட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊர் எது என்று கேட்கிறாள் என நான் சொல்லியிருக்கலாம். ஜவுளிக் கடையில் சாயம் என்று சொல்லவில்லையா? ஆனால் பாக்கியம் கேட்டது மறைக்கக்கூடிய கேள்வி இல்லை. அதை மறைத்தால் நானும் ஒரு முழம் தள்ளி நிற்கிறவள் ஆகிவிடுவேன். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மாரித் வாசலிலேயே உட்கார்ந்து, நான் சொல்லித்தந்த புத்தகத் தமிழில், "அக்கா, எனக்குத் தாகமாக இருக்கிறது. தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்" என்றாள்.

"ரேடியோவுல பேசுற மாதிரி பேசுது" என்றாள் ஒருத்தி.

பாக்கியம் உள்ளே போய் மண்பானையிலிருந்து மொண்டு வந்தாள். மாரித்துக்கு நம்மைப் போல அண்ணாந்து குடிக்க வராது. டம்ளரை உதட்டில் வைத்து முழுவதும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். பாக்கியம் அதையும் கொடுத்துவிட்டு முறத்தைக் கையில் எடுத்தாள். ஆனால் புடைக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் கரையில் எங்களுக்குச் சாத்திய கதவே இல்லை. மாரித் என்ற பெயர் அவர்கள் வாயில் மாரியாகிவிட்டது. பிள்ளைகள் மாரியக்கா என்று ஓடிவருவார்கள். மிஷனெரிக்கு அந்தப் பெயரா என்று எங்கள் மிஷன் தலைவியான வயதான அம்மையார் முகம் சுளித்தார். மாரித்துக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பிள்ளைகளின் புண்ணுக்கு மருந்து போடுவாள், பாக்கியத்தோடு உட்கார்ந்து கீரை ஆய்வாள். போகும்போதெல்லாம் அங்கே தண்ணீர் குடித்தாள். தலைவிக்கும் அது தெரியவந்தது. கூப்பிட்டுக் கண்டித்தார். மாரித் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரமும் குடித்தாள். அந்த ஒரு வீட்டில் மட்டும் தன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று என்னிடம் சொன்னாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவளுக்குச் சோறு பிடிக்காமல் போனது. பிறகு கண் மஞ்சளானது. அந்த வருஷம் ஊர் முழுவதும் காமாலை. பெரிய பங்களாக்களிலும் படுத்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் எழுந்துவிட்டார்கள். இவளும் எழுந்துவிடுவாள் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்றார்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ தகராறு செய்வதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பாக்கியம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தூக்கில் கொண்டுவந்திருந்தாள். காவலாள் விடவில்லை. என்னைப் பார்த்ததும் சண்டையை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தாள்.

"டீச்சரம்மா, நெசத்த சொல்லு. எங்கூட்டு தண்ணியா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஊரெல்லாம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றேன்.

"மாமி ஊட்ல அது காபி தான குடிச்சுது" என்றாள். "எங்கூட்ல தான பச்சத் தண்ணி."

தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மேலே போனேன். யார் வந்தது என்று மாரித் கேட்டாள். சொன்னேன். பாக்கியம் கேட்டதையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தப் புத்தகத் தமிழிலேயே, "மாமி வீட்டுக் காபியினால் வந்தது என்று சொல்லிவிடுங்கள்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டோரம் சிரித்தாள். தமிழில் அவள் செய்த முதல் கேலி அதுதான். நான் அவசரமாகக் கீழே வந்தேன். பாக்கியம் போய்விட்டிருந்தாள்.

அதன் பிறகு மாரித்துக்கு நினைவு தப்பியது. திரும்பவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி ஆற்றங்கரைப் பெண்கள் நின்றிருந்தார்கள். பாக்கியம் எல்லோருக்கும் பின்னால் நின்றாள். மாரித் சொன்னதைச் சொல்ல அது இடமில்லை. மிஷனில் இனி யாரும் ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது என்று விதி வந்தது. நானும் போகவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் மாரித்தின் அம்மா வந்தாள். நெடுநெடுவென்று உயரம், பால் கறந்து காய்த்த கை. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். மகளின் கல்லறையையும், அவள் இருந்த அறையையும், அவள் போன வீடுகளையும் பார்க்க வேண்டும் என்றாள். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போ, ஆற்றங்கரைக்கு மட்டும் வேண்டாம் என்று தலைவி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அந்தத் தாய் எதையாவது கேட்டு, நாம் எதையாவது சொல்லப்போய், அவள் ஊருக்குத் திரும்பும்போது மனதில் ஒரு வீட்டைச் சுமந்துகொண்டு போக வேண்டாமே என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

மாமி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தை மாதிரி இங்கேயே பேசிண்டு உட்கார்ந்திருப்பா. எங்காத்துப் பொண்ணாட்டம்" என்று அழுதார். காபி வந்தது. அந்த அம்மா மரியாதையாகக் குடித்தாள். தெருவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

"பாக்கியம்?"

மகள் எழுதிய கடிதங்களில் அடிக்கடி வந்த பெயராம். பாக்கியம் வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். அப்போது கிரேஸ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஓர் அந்நிய ஊரில், என் மகள் உட்கார்ந்து பேசிய வாசலுக்கு வழி தெரிந்த ஒருத்தி என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தலைவிக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று அடையாறு பஸ்ஸில் ஏற்றினேன்.

குடிசை வாசலில் நாங்கள் வந்து நின்றதும் பாக்கியம் எழுந்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முக ஜாடை அப்படி.

"அதோட அம்மாவா?" என்றாள். பாயை உதறி விரித்துவிட்டு, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் நின்றுகொண்டாள்.

பாலத்திலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. நான் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினேன். அதே நீலக் கம்பளி உறை. மாரித்தின் சாமான்களை ஊருக்கு அனுப்பியபோது அது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. நீட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த அம்மா அதை வாங்கி, வெள்ளைப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். இந்த வீட்டில் தண்ணீர் குடித்த அன்றுதான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன் என்று மகள் எழுதியிருந்தாளாம். அந்தத் தண்ணீர் எனக்கும் வேண்டும் என்றாள்.

நோயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. பாக்கியத்திடம் சொன்னேன்.

"அவங்க உன் வீட்டுத் தண்ணி கேக்கறாங்க பாக்கியம்."

"ஐயோ, வேணாம்மா. நா யாருக்கும் குடுக்கறதே இல்ல இப்போ. ஓடிப்போய் சோடா வாங்கியாரேன்."

சோடா வாங்கி வருகிறாளாம் என்று சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினாள். பானையைக் கையால் காட்டினாள்.

பாக்கியம் ஒரு பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தாள். பானையிலிருந்து தண்ணீரை அதில் மொண்டு, அடுப்பில் சுள்ளி வைத்துப் பற்றவைத்தாள். பச்சைச் சுள்ளி, சீக்கிரம் பிடிக்கவில்லை. குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் சூடாகி, முத்துமுத்தாகக் கிளம்பி, தளதளவென்று கொதித்தது. அவள் இறக்கவில்லை. இன்னும் சுள்ளி வைத்தாள்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று அந்த அம்மா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பாக்கியத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாரித் ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். மாமி வீட்டுக் காபியினால் வந்தது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள் என்றேன்.

பாக்கியம் ஊதுவதை நிறுத்தினாள். "அதுக்கு பொய்யே சொல்ல வராது டீச்சரம்மா" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா என்னிடம், அவள் ஏன் அழுகிறாள் என்று கேட்டாள்.

"புகை" என்றேன்.

அவள் என்னையும் பார்த்தாள், கொதிக்கிற பாத்திரத்தையும் பார்த்தாள். பால் காய்ச்சிப் பழகியவள். எதற்காக ஒருத்தி தண்ணீரை இவ்வளவு நேரம் கொதிக்க விடுவாள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புட்டியைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து வந்து, அடுப்பின் முன் அவ்வளவு பெரிய உடம்பை மடக்கிப் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாக்கியம் பாத்திரத்தை இறக்கி, இரண்டு டம்ளர்களை எடுத்து வெந்நீரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றத் தொடங்கினாள். கை ஆடித் தரையில் சிந்தியது. அந்த அம்மா ஒரு டம்ளரைத் தான் வாங்கிக்கொண்டாள். பாக்கியம் ஊற்ற அவள் பிடித்தாள், அவள் ஊற்றப் பாக்கியம் பிடித்தாள். அப்படியே மாறி மாறிச் சூடு குறைகிறவரை செய்தார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் அப்படி இரண்டு பேருக்கு நடுவில் வேண்டாதவளாக நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா பாதி குடித்துவிட்டு மீதியைப் பாக்கியத்திடம் நீட்டினாள். பாக்கியம் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் உதடு பட்ட இடத்திலேயே உதட்டை வைத்துக் குடித்தாள்.

உங்களுக்கு ஒரு விதியாக எழுதித் தர என்னிடம் எதுவும் இல்லை. தலைவி போட்ட விதி சரியானது. அதைக் கடைப்பிடித்திருந்தால் மாரித் இன்று உயிரோடு இருந்திருக்கலாம். உங்களோடு வருகிற பெண்களுக்கு அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகும் ஒருநாள் ஒரு வாசலில் ஒருத்தி டம்ளரை நீட்டிக்கொண்டு உங்களையும் உங்கள் மிஷனெரியையும் பார்ப்பாள். அப்போது அவள் என்ன கேட்கிறாள் என்பதை மாற்றிச் சொல்லாதீர்கள். அதற்கு என்ன விலை ஆகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இப்போது அந்த விலையைக் கொடுக்க வேண்டியவள் என் மகளாகவும் இருக்கலாம்.

நேற்று கிரேஸின் பெட்டியை அடுக்கினேன். ஒரு சின்னப் பித்தளைப் பாத்திரமும் இரண்டு டம்ளரும் துணியில் சுற்றி அடியில் வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"நான் ஒருத்திதானேம்மா போறேன், எதுக்கு ரெண்டு?" என்றாள்.

சூடு ஆற்ற இரண்டு வேண்டும் என்றேன்.